நடுநாட்டுப் புனைகதையில் வரலாற்று நினைவும் சமூக அடையாளமும்

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவே, தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் பாயும் பகுதிக்கு நடுநாடு என்று பெயர். தெற்கே கொள்ளிடம் அதன் எல்லை. வெள்ளையர் ஆட்சியில் இது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. கடலூர் துறைமுக நகரம். சிதம்பரம் கோயில் நகரம். இவ்விரண்டுக்கும் மேற்கே விருத்தாசலம், திட்டக்குடி வரை செம்மண் கொல்லைகளும் முந்திரித் தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. தமிழ்ப் புனைகதையின் பெரிய பெயர்கள் சில இந்த மண்ணோடு பிறப்பாலோ வாழ்வாலோ தொடர்புடையவை. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். மௌனி தம் கடைசிக் காலத்தைச் சிதம்பரத்தில் கழித்தார். ஆனாலும் புதுமைப்பித்தன் நெல்லைக்காரராகவும் ஜெயகாந்தன் சென்னைக்காரராகவுமே வாசிக்கப்பட்டார்கள். மௌனியின் கதைகளில் ஊர் என்பதே மங்கலான நிழல்தான். நடுநாடு தன் மொழியில், தன் சாதிகளோடும் தன் காயங்களோடும் நாவலுக்குள் வந்தது 1990களில்தான்.

அப்படி வந்த புனைகதை கடந்த காலத்தை எப்படி நினைவுகூர்கிறது, அந்த நினைவு யாருடைய அடையாளத்தைக் கட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழில் இந்தக் கேள்விக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கில் ‘தமிழர்’ என்ற இன அடையாளம். அதற்குச் சோழர்களும் கல்வெட்டுகளும் மொழிப்போரும் ஆதாரம். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்த ஊர்வலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது இந்த அடுக்கின் நினைவு. கீழடுக்கில் சாதி, அதற்குப் பெரும்பாலும் எழுத்து ஆவணம் இல்லை. படி நெல், இரவில் வாங்கும் சோறு, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற அறிவு, யார் எந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது என்ற தடை ஆகியவையே அதன் ஏடுகள். வரலாற்று நாவல் என்றால் முதல் அடுக்கை மட்டும் எண்ணும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலம் இருந்தது. நடுநாட்டு நாவலாசிரியர்கள் செய்த பெரிய காரியம், இரண்டாவது அடுக்கையும் வரலாறு என்று ஏற்க வைத்ததுதான்.

நந்தன்: ஒரே கதை, பல நினைவுகள்

இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை, தில்லைக் கூத்தனைக் காண ஏங்கிய புலையர் குலத்துச் சிவனடியார் நந்தனுடையது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தைத் தில்லையில் இருந்தபடி பாடினார் என்பது மரபு. அதில் நந்தன் பிறந்த ஆதனூர்ப் புலைப்பாடி நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பழைய கூரை வேய்ந்த குடிசைகள், கூரைமேல் படரும் சுரைக்கொடி, உலரும் தோல், தோலின்மேல் கிடத்தப்பட்ட குழந்தை என்று ஒரு சேரியின் அன்றாடத்தைத் தமிழில் இவ்வளவு அருகில் நின்று காட்டிய பழைய இலக்கியங்கள் மிகச் சில. ஆனால் கதையின் முடிவில் நந்தன் தெற்கு மதில் வாயிலுக்கு வெளியே மூட்டிய தீயில் இறங்கி, பூணூலணிந்த முனிவராக எழுகிறார். பிறந்த உடலோடு அவர் கோயிலுக்குள் நுழையவில்லை. சேக்கிழாரின் பக்தி இதை அருள் என்று சொல்கிறது. பின்வந்தவர்கள் அனைவரும் அந்தத் தீயைப் பற்றித்தான் சண்டையிட்டிருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபோது பெரிய புராணத்தில் இல்லாத ஒரு மனிதரைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவர்தான் பண்ணை வேதியர். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று நந்தனிடம் சொல்பவர் அவர். இந்தச் சேர்க்கையால் அடியார் கதை, நிலவுடைமைக்காரருக்கும் பண்ணையாளுக்கும் இடையிலான கதையாக மாறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கீர்த்தனைக்குச் சாற்றுக்கவி கொடுக்கத் தயங்கியதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். இலக்கண வழு என்ற காரணம் ஒருபுறம் இருக்கட்டும். பாமரரிடம் அந்தக் கதை பெற்ற வரவேற்பு, பண்ணையில் வேலை செய்தவர்களின் அனுபவம் முதன்முதலாக மேடையேறியதால் வந்தது என்றே கொள்ள வேண்டும்.

தலித் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் (1845–1914) அடியோடு வேறொரு நினைவை முன்வைத்தார். அவர் எழுத்தில் நந்தன் பண்ணையாள் அல்ல. சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன். இதைக் கல்வெட்டுச் சான்றோடு நிறுவ முடியுமா என்பது வரலாற்றாசிரியரின் கேள்வி. புனைகதையை ஆராய்பவருக்கு முக்கியமானது வேறு: அடிமையாக மட்டுமே நினைக்கப்பட்ட ஒரு மக்கள் தங்களை ஆண்டவர்களாக நினைத்துப் பார்க்கும் துணிவு இங்கே பிறக்கிறது. அதே நந்தனின் பெயரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார். தீயில் இறங்கியவரின் பெயரைத் தாங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். இந்த வட்டாரத்தின் தலித் நடுத்தர வர்க்கத்துக்கு அந்தப் பள்ளி ஓர் ஊற்றுக்கண்.

புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘புதிய நந்தன்’ சிறுகதை ஆதனூரையே களமாகக் கொண்டது. பார்வையிழந்த கிழவன் கருப்பன், மதம் மாறிப் படித்துப் பிறகு சுயமரியாதைக்காரனான அவன் மகன், காந்தி வழிக்குப் போன பண்ணை வீட்டுப் பிள்ளை ஆகிய மூவரும் ரயிலில் அடிபட்டு இறக்கிறார்கள். காந்தி, பெரியார், பழைய பக்தி என்று அந்தக் காலத்தின் மூன்று வழிகளும் ஒரே தண்டவாளத்தில் முடிகின்றன. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் இன்னும் ஒரு படி போய், தீயில் இறங்கியது அற்புதமல்ல, சூழ்ச்சி என்று காட்டியது. பக்தர், பண்ணையாள், அரசன், பலியானவர் என ஒரே மனிதன் நான்கு விதமாக நினைக்கப்படுகிறான். எந்த நினைவைத் தேர்ந்துகொள்கிறோம் என்பதிலேயே இங்கு ஒருவரின் அரசியல் தெரிந்துவிடும்.

உடையார்குடிக் கல்வெட்டும் கல்கியும்

மேலடுக்கு நினைவின் பெரும் நூல் ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த இந்நாவல் கடலூர் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆடிப் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம். முதல் பராந்தகனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி அது. அடுத்து வரும் கடம்பூர் மாளிகையும் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்தான். லட்சக்கணக்கானோருக்குச் சோழ வரலாறு என்றால் அந்த ஏரிக்கரையில் தொடங்கும் கதையே.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களில் சிலருக்குப் பிரமாதிராஜன் என்ற பட்டம் உண்டு. இது அந்தண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட பட்டம். அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலங்கள் பற்றிய அரச ஆணையை அந்தக் கல் பேசுகிறது. கல்கி இப்பெயர்களை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர்களைப் பாண்டியனுக்காகப் பழிவாங்கும் ஆபத்துதவிகளாக, அதாவது மன்னனுக்காக உயிர் கொடுக்கும் மெய்க்காவலர்களாக மாற்றினார். ரவிதாசன் மந்திரவாதி ஆனான். கொலையைச் செய்தது யார் என்பதைப் புதிராகவே விட்டார். அரண்மனைக்குள் இருந்த அதிகாரிகளின் துரோகம், புனைவில் எதிரி நாட்டாரின் சதியாயிற்று. ஒன்றுபட்ட, மாசற்ற தமிழ்ப் பேரரசு என்ற பிம்பத்துக்கு இந்த மாற்றம் தேவைப்பட்டது. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், மொழிவழி மாநிலக் கோரிக்கை கொதித்த நேரத்தில் எழுதப்பட்ட நாவல் அது என்பதை மறக்கலாகாது.

நாவல் 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படமானபோது, ராஜராஜன் இந்து மன்னனா சைவத் தமிழனா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. அவன் எங்கள் சாதி என்று உரிமை கோரும் சுவரொட்டிகளுக்கும் குறைவில்லை. கடந்த காலத்தின் பெருமையைப் பங்குபோடத் தயாராக இருப்பவர்கள், அந்தப் பேரரசில் ஏரி வெட்டியவர்களின், தீண்டாச்சேரி என்று கல்வெட்டில் குறிக்கப்பட்ட குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் வாரிசுகளைப் பற்றிக் கேட்பதில்லை. கல்கியின் கதை சொல்லும் ஆற்றலில் குறை காண முடியாது. ஆனால் அது விட்டுச்சென்ற வெற்றிடம் பெரியது. பின்வந்த நாவலாசிரியர்கள் அங்கேதான் உழுதார்கள்.

கோட்டையும் நாட்குறிப்பும்

கடலூர்க் கடற்கரையின் நினைவு வேறு வகை. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் சொந்தம் என்பது ஏற்பாடு. அப்படிக் கைமாறிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற இந்தத் தேவனாம்பட்டினக் கோட்டையே சில ஆண்டுகள் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். ஒரு குண்டு பறந்து விழுந்த தூரத்தில் தங்கள் அரசு மாறிப்போனதை அந்தக் கிராமத்து மனிதர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்பது ஆவணங்களில் இல்லை. இத்தகைய இடத்தில்தான் நாவல் தேவைப்படுகிறது.

அந்தக் காலத்தை எழுதியவர் பிரபஞ்சன். ‘மானுடம் வெல்லும்’, 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முதலாதாரமாகக் கொண்டவை. பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரி நடப்புகளைத் தமிழில் எழுதி வைத்தவர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்). மன்னர்களின் வீரத்தை விட்டுவிட்டு, சந்தை விலையும் தாசிகளின் வாழ்வும் அடிமை வியாபாரமும் சாதி வழக்குகளும் நிறைந்த வரலாற்று நாவலைப் பிரபஞ்சன் தந்தார். தேவாலயத்துக்குள் பறையருக்கும் மற்றவருக்கும் இடையே எழுப்பிய சுவர் பற்றிய தகராறை ஆனந்தரங்கரே குறித்து வைத்திருக்கிறார். மதம் மாறியும் சுவர் மாறாத கதை, இரண்டரை நூற்றாண்டு கழித்து நடுநாட்டு எழுத்தாளர் இமையத்தின் முதல் நாவலில் வேறு வடிவில் திரும்ப வந்தது.

ராச்சோறு: வரலாறாக மாறிய அன்றாடம்

1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இந்தக் கட்டுரையின் மையமான படைப்பு. திட்டக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாவலின் நாயகி ஆரோக்கியம் புதிரை வண்ணார் சமூகத்துப் பெண். சேரி மக்களுக்குத் துணி வெளுப்பது, பிரசவம் பார்ப்பது, சாவு வீட்டில் சடங்கு செய்வது, களத்தில் தூற்றுவது எல்லாம் அவள் குடும்பத்தின் வேலை. கூலி என்று கணக்கிட்டுக் கொடுப்பது எதுவும் இல்லை. அறுவடைக் களத்தில் விழும் சில படிகளும் இருட்டியதும் வீடு வீடாகப் போய் வாங்கும் ராச்சோறும்தான் வருமானம். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய மக்கள், தங்களுக்குக் கீழே ஒரு குடும்பத்தை வைத்திருக்கிறார்கள். அவள் கிறித்தவள், மகனைச் சாமியாராக்கும் கனவு அவளுக்கு உண்டு. கனவு கலைகிறது. மகள் சேரிக்காரன் ஒருவனாலேயே வன்புணர்வுக்கு ஆளாகிறாள். காலம் மாற மாற, படி அளப்பதும் குறைகிறது. பழைய அடிமைத்தனம் போகும்போது, பழைய சோறும் போகிறது. புதிய வாழ்வு அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

இந்த நாவலில் ஆண்டு எதுவும் முழங்கவில்லை. போரும் இல்லை, தலைவரும் இல்லை. ஆனால் ஜஜ்மானி முறை என்று சமூகவியல் நூல்கள் சில பக்கங்களில் விளக்கும் ஒன்று எப்படி ஒரு பெண்ணின் தோளிலும் வயிற்றிலும் நடந்தது, எப்படி மெல்ல உடைந்தது என்ற வரலாறு இதில்தான் இருக்கிறது. வெளிவந்த போது தலித் விமர்சகர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவரிடையே உள்ள பிளவைக் காட்டுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பது என்பது அவர்கள் வாதம். தலித் இயக்கம் எழுச்சி பெற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அந்தக் கவலைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் நாவல் தன் நிலையில் உறுதியாக நின்றது. காலமும் நாவலின் பக்கமே நின்றிருக்கிறது. தன் தெருவின் குற்றத்தைத் தானே நினைவில் வைக்கும் எழுத்துக்கு, பக்கத்துத் தெருவின் குற்றத்தைச் சொல்லும் தகுதியும் கிடைக்கிறது.

இமையத்தின் ‘ஆறுமுகம்’ (1999) புதுச்சேரியையும் ஆரோவில் பகுதியையும் சுற்றி நடப்பது. உலக ஒற்றுமைக்கு எழுந்த நகரின் ஓரத்தில் சொந்த மண்ணின் பிள்ளை அலைந்து சிதைவதைக் காட்டுகிறது. ‘செடல்’ (2006) பஞ்சத்தில் மழை வேண்டி ஊர்த் தெய்வத்துக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட சிறுமியின் வாழ்க்கை. சட்டம் 1947இலேயே தேவதாசி முறையை ஒழித்துவிட்டது என்பது பாடநூல் வரலாறு. கோயில் பெருமையும் இசை மரபும் இல்லாத சேரித் தெய்வத்துக்கு விடப்பட்ட பெண்களை அந்த வரலாறு கணக்கில் எடுத்ததே இல்லை. செடல் கூத்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கிறாள். தெருக்கூத்து தென்னார்க்காட்டின் உயிர்க்கலை என்று பெருமைப்படுகிறோம். அதை ஆடியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை ‘செடல்’ வழியாக அறிகிறோம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலுக்குக் கிடைத்தது. ஆனால் வரலாற்று நினைவு என்ற அளவில் ‘செடல்’ தான் அவருடைய பெரிய சாதனை.

கொல்லைக்காட்டின் குரல்

நடுநாட்டில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் வன்னியர். தங்களைச் சத்திரியர் என்று பதிய வேண்டும் என்ற கோரிக்கை வெள்ளையர் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தே உண்டு. கடலூரைச் சேர்ந்த எஸ்.எஸ்.இராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 1952 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களை வென்றது. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. மேடைகளில் இந்தச் சமூகத்தின் நினைவு அக்கினியில் பிறந்த குலம், ஆண்ட பரம்பரை என்று ஒலிக்கிறது. நாவல்களில் வரும் நினைவோ கடனும் களையெடுப்புமாக இருக்கிறது. இந்த இடைவெளி கூர்ந்து கவனிக்க வேண்டியது.

விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். அவருடைய ‘அஞ்சலை’ (1999) வேளாண் கூலிப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை. ஏமாற்றி நடத்தப்படும் திருமணம், வாழ்ந்து பார்க்க முயலும் வீடுகள், வாயால் கொல்லும் உறவுகள் என்று அவள் ஊர் மாறி ஊர் மாறி ஓடுகிறாள். ஆண்ட பரம்பரை என்ற பேச்சின் நிழல்கூட அவள் மேல் விழவில்லை. ‘கோரை’யும் ‘நெடுஞ்சாலை’யும் அதே மண்ணின் வேறு முகங்கள். ‘வந்தாரங்குடி’ நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலமிழந்த மக்களின் நாவல். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டபோது அது நாட்டின் வளர்ச்சிச் சின்னம். மின்விளக்கு எரிந்த வீடுகளுக்கு அது வரலாறு. கொல்லையும் குலதெய்வமும் சுரங்கத்துக்குள் போனவர்களுக்கு அது வேறு வரலாறு. இரண்டாவதை எழுதி வைத்ததால் அந்நாவலுக்கு ஆவண மதிப்பும் இருக்கிறது. நடுநாட்டு வழக்குச் சொற்களைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யையும் அவரே வெளியிட்டார். பல்கலைக்கழகத் துறை ஒன்று பல ஆண்டுகள் செய்ய வேண்டிய பணி அது.

பண்ருட்டிப் பக்கத்துத் தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ மாதவர் படையாட்சி என்ற சம்சாரியின் வீழ்ச்சியைச் சொல்கிறது. 2007இல் படமாகவும் வந்தது. முந்திரியும் பலாவும் காய்க்கும் நிலத்தை உருவாக்கிய மனிதர் எல்லாம் இழந்து நிற்கும்போது அவரைத் தாங்கிப் பிடிப்பது ஒரு முஸ்லிம் நண்பரின் குடும்பம். சாதிக்குள்ளேயே உறவு அறுந்து, சாதிக்கு வெளியே உறவு நிலைக்கும் இந்த அமைப்பு நாவலின் நல்ல அம்சம். அதே வேளையில் இழந்துபோன கிராமத்தின் மீது ஒரு பொன்னொளி படிந்திருக்கிறது. சம்சாரி இழந்ததை அது சொல்கிறது. அவர் கொல்லையில் கூலிக்கு வேலை செய்த சேரி ஆட்கள் அந்தக் கிராமத்தை அப்படி நினைப்பார்களா என்ற கேள்விக்கு விடை இல்லை.

கொலையும் வழக்கும்

2003இல் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் காதலித்து மணந்த இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2021இல். பதினெட்டு ஆண்டுகள் அந்த நினைவை உயிரோடு வைத்திருக்க ஒரு குடும்பம் போராடியது. இமையத்தின் ‘பெத்தவன்’ (2012) இந்த வகைக் கொலையை எதிர்த் திசையிலிருந்து அணுகுகிறது. தலித் இளைஞனை விரும்பும் மகளைக் கொன்றுவிடும்படி ஊர்ப் பஞ்சாயத்து தகப்பன் பழனிக்கு ஆணையிடுகிறது. அவர் சரி என்று வாக்குக் கொடுக்கிறார். இரவில் மகளுக்கு நகையும் பணமும் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்கு வைத்திருந்த நஞ்சைத் தாமே குடித்துச் சாகிறார். வெளிவந்த சில வாரங்களில் தருமபுரி மாவட்டத்தில் காதல் திருமணம் ஒன்றைச் சாக்கிட்டுத் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதன் பிறகு ‘பெத்தவன்’ சிறு நூலாகப் பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தது. தலித் எழுத்தாளர் ஒருவர் ஆதிக்கச் சாதித் தகப்பனின் நெஞ்சுக்குள் இறங்கி எழுதினார் என்பதே இக்கதையின் தனிச்சிறப்பு. வெறுப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்த இடத்தில் அவர் புரிந்துகொள்ள முயன்றார்.

1993இல் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் ஒருவர் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட நிகழ்வு 2021இல் ‘ஜெய் பீம்’ படமாயிற்று. படத்தில் பாதிக்கப்பட்டவர் இருளர் ஆனார். குற்றம் செய்த காவலரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படம் தங்கள் சாதிச் சின்னம் என்று வன்னியர் அமைப்புகள் எதிர்க்க, அக்காட்சி மாற்றப்பட்டது. மெய்யான நிகழ்வைப் புனைவாக்கும்போது ஒரு சாதியின் பெயரை மாற்றுவது சிறு செய்தியல்ல. இருளரின் துயரம் பரவலாகத் தெரியவந்தது நல்லதே. ஆனால் குறவரின் நினைவிலிருந்து அவர்களுடைய இழப்பே நழுவிப்போனது. பிறர் துயரை எழுதும் எவருக்கும் இது எச்சரிக்கை.

பிற வட்டாரங்களும் ரஷ்யாவும்

நடுநாடு இதில் தனித்து நிற்கவில்லை. கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ தெலுங்கு பேசும் கம்மவார் தெற்கே வந்து குடியேறிய நினைவைப் பாட்டியின் வாயால் சொன்னது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களையும், சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையையும் கள்ளர் சமூகத்தையும், ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ பரதவரையும் எழுதின. கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்டதை இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லும் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லும் இரு வேறு கோணங்களில் கண்டன. பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’னுக்கு எழுந்த எதிர்ப்பு, ஒரு சமூகம் தன் நினைவின் எந்தப் பகுதியை மூடி வைக்க விரும்புகிறது என்பதைக் காட்டியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஈழத்தில் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வும் சயந்தனின் ‘ஆதிரை’யும் போரின் நினைவைத் தம் தரப்பின் தவறுகளையும் சேர்த்துப் பதிந்தன.

தமிழுக்கு வெளியேயும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. மாஸ்கோவிலிருந்து வந்த மலிவுப் பதிப்புகளின் வழியே ரஷ்ய இலக்கியம் ஒரு தலைமுறைத் தமிழ் வாசகரை வளர்த்தது. ‘ஜமீலா’வையும் ‘முதல் ஆசிரிய’ரையும் தந்த கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ், 1980இல் வந்த நாவலில் ஒரு பழங்கதையைச் சேர்த்தார். கைதியின் தலையில் ஒட்டகத் தோலை இறுக்கி வெயிலில் விட, அவன் நினைவிழந்து பெற்ற தாயையே கொல்லும் அடிமையாகிறான். பெரிய நாடு ஒன்றில் சிறிய இனம் தன் நினைவை இழப்பதன் உருவம் அது. இந்நூற்றாண்டில் தாத்தார் இனத்தவரான குஸேல் யாகினா, 1930களில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட தாத்தார் உழவர் பெண்ணைப் பற்றி ரஷ்ய மொழியில் எழுதிய ‘சுலைகா’ நாவல் (2015) பெரும் வரவேற்பைப் பெற்றது. ஸ்டாலின் காலக் கொடுமையைப் பேசியதற்காக ஒரு பக்கம் சிலர் கோபித்தார்கள். தாத்தார் குடும்பத்துக்குள் மருமகள் பட்ட பாட்டை எழுதியதற்காகத் தாத்தார் அறிவாளிகள் சிலரும் கோபித்தார்கள். ‘கோவேறு கழுதைகள்’ சந்தித்த எதிர்ப்போடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாரத்தின் குற்றத்தையும் தன் இனத்தின் குற்றத்தையும் ஒருங்கே நினைவில் வைக்கும் எழுத்து எந்த மொழியிலும் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. அங்கே நினைவை அழித்தது பெரும்பாலும் அரசு. இங்கே ஊரே அந்த வேலையைச் செய்தது; கோப்பு எரிக்கப்படவில்லை, எழுதப்படவே இல்லை. ஆகவே ரஷ்ய நாவலாசிரியர் ஆவணக் காப்பகத்தைத் திறக்கப் போராடும்போது, நடுநாட்டு நாவலாசிரியர் பாட்டியிடமும் கூத்தாடியிடமும் வண்ணாத்தியிடமும் கேட்டு எழுதுகிறார்.

முப்பது ஆண்டு விளைச்சலைப் பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் எழுத்தாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் தம் சமூகம் பட்ட காயத்தைத் திறமையாக எழுதினார்கள். தம் சமூகம் பிறருக்குச் செய்ததை எழுதியவர்கள் சிலரே. தனக்கு எதிராகவும் நினைவு வைத்துக்கொள்ளும் நாவல்களே இந்த வட்டாரத்தின் முதல் வரிசைப் படைப்புகள் என்று துணிந்து சொல்லலாம். அந்த வரிசையில் ‘கோவேறு கழுதைகள்’ முதலில் நிற்கிறது. ‘பெத்தவன்’ அதன் அருகில் நிற்கிறது. ஊர்த் தெருவிலிருந்து வரும் எழுத்தாளர் ஒருவர், 2003இன் புதுக்கூரைப்பேட்டையை ஊர்த் தெருவின் பொறுப்பாக ஏற்று எழுத வேண்டும். பிச்சாவரம் கழிமுகத்தில் நண்டும் இறாலும் பிடித்து வாழும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள். முதனைக் குறவர் குடும்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் எழுதப் போகும் முதல் நாவலைத் தேடி அச்சிடும் பொறுப்பு பதிப்பாளர்களுடையது. காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் பொறுப்பு கடலூர், சிதம்பரம் வாசகர்களுடையது.